ததேயுஸ் கொடுத்த இடம்

பொய் சொல்லக் கூடாது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் சொல்லித்தருவார்கள். மீன் கிடைத்த இடம் எது என்று எவனாவது கேட்டால் பொய்தான் சொல்ல வேண்டும் என்று திங்கட்கிழமை அப்பன்மார் சொல்லித்தருவார்கள். இரண்டுக்கும் தலையாட்டி வளர்ந்தவர்கள் நாங்கள்.

கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும் இடத்துக்குப் பார் என்று பெயர். கலவாவும் விளமீனும் அங்கேதான் அடைந்து கிடக்கும். ஒரு பாரைக் கண்டுபிடித்தவன் கூடப்பிறந்தவனுக்குக்கூட அதைச் சொல்ல மாட்டான். வடக்கே பிடித்த மீனைத் தெற்கே பிடித்தேன் என்பான். கேட்டவனும் சரி என்று சொல்லிவிட்டு மனதுக்குள் வடக்கே திருப்பிக்கொள்வான். முட்டத்திலும் இப்படித்தான், குளச்சலிலும் இப்படித்தான், நடுவில் கிடக்கும் எங்கள் ஊரிலும் இப்படித்தான். இதற்காக யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை.

என் அப்பா ஒக்கிப் புயலில் போனவர். எந்தப் பாருக்குப் போனார் என்பது அவருக்கும் கடலுக்கும் மட்டும் தெரிந்த காரியம். கரையில் நின்றவர்கள் எந்தத் திசையில் போய்த் தேடுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுதிரியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது என் அம்மா கடற்கரை மணலில் ஒரு திரியைக் குத்திவைப்பாள். அது காற்றில் அணைந்துபோகும். திரும்பக் கொளுத்துவாள். என் தம்பி ஸ்டெனி பக்கத்தில் நின்று கையால் காற்றை மறைப்பான். இவ்வளவையும் பார்த்து வளர்ந்தவன்தான் அவனும்.

மரியஜான் மாமாவின் மகள் அஜிஷா திருவனந்தபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் அவள் போனில் போட்டுக்கொள்கிற ஒரு காரியத்தைச் செய்துகொண்டு ஊருக்கு வந்தாள். சேருமிடம் என்று அதற்குப் பெயர். இரண்டு இரண்டு வள்ளமாக ஜோடி சேர்த்துக்கொள்ள வேண்டும். புறப்படுமுன் கரையில் வைத்தே, தான் போகிற இடத்தைப் போனில் குறித்து ஜோடி வள்ளத்துக்காரன் போனுக்குக் கொடுத்துவிட வேண்டும். பங்குப் பேரவை மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்து அவள் விளக்கினாள்.

"டவரு வேண்டாம், நெட்டு வேண்டாம். ரெண்டு போனையும் கிட்ட வச்சா போரும், புளூடூத்துல போயிரும். நடுக்கடல்லயும் எடம் போன்லயே கெடக்கும். எஞ்சின் நின்னாலோ காத்து மாறினாலோ அந்த எடத்துல நங்கூரம் போட்டுட்டுக் கெடக்கணும். என்ன வந்தாலும் நகரப்படாது. ஜோடி வள்ளம் தேடி வந்துரும்."

"மீன் பிடிக்கிற எடத்தையா குடுக்கணும்?" என்று மரியஜான் மாமா கேட்டார். எங்கள் கடலில் மூத்த ஆள் அவர். "ஏதாவது ஒரு பொது எடத்த வச்சுக்கிட்டா போராதா மக்கா?"

"எஞ்சின் நின்ன வள்ளம் பொது எடத்துக்கு நடந்தா வரும், அப்பா?" என்றாள் அஜிஷா. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கிட்டே வைத்தால் போதும் என்று அவள் எத்தனை முறை சொன்னாலும், எங்கள் ஆட்களுக்கு இரண்டு போனையும் முதுகோடு முதுகு முட்டவைத்தால்தான் திருப்தி. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைக்கு முத்தம் கொடுத்து முத்தி செய்வதுபோல ஒரு பவ்வியத்தோடு முட்டுவார்கள். அதற்கு முத்தி என்றே பெயர் விழுந்துவிட்டது. வள்ளம் தள்ளுமுன் "முத்தி ஆச்சா?" என்று கேட்பார்கள். "ஆச்சு, ஆச்சு" என்பார்கள். ஃபாதர் ஜெபம் சொல்லி ஆசீர்வதிப்பார். அதன்பின் எல்லா வள்ளமும் போனில் கொடுத்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போகும்.

ஆமாம், எல்லாரும் பொய்யைத்தான் முட்டவைத்தார்கள். என் வீட்டுக்காரர் ததேயுஸும் அப்படித்தான். ஸ்டெனிதான் அவருக்கு ஜோடி. அத்தான் கொடுத்த இடத்துக்கு ஸ்டெனி ஒரு நாள் போய்ப் பார்த்திருக்கிறான். வெறும் தண்ணீர். அங்கிருந்து தென்மேற்காக அரைமணி நேரம் ஓட்டினால் அத்தானின் வள்ளம் நிற்கிறது. இன்னொரு நாளும் அதேபோல். மீன் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னிடம் வந்து அவன் பெருமையடித்துக்கொண்டான்.

"அத்தானுக்க பொய்க்கு ஒரு ஒழுங்கு இருக்கு அக்கா. எப்பமும் ஒரே தெசையில, ஒரே தூரம். நான் கணக்குப் பண்ணி வச்சிருக்கேன்."

"நீ குடுக்கிறது என்னவாம்?" என்றேன்.

"அத அத்தான்கிட்டயே கேளு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. அவருடைய ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து வந்த அன்றைக்கு மதியம் நான் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அவர் தூண்டில் கயிற்றில் முள் கட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் அவரும் நானும்தான். அதனால் எங்கள் சண்டைக்கு நடுவில் வந்து விலக்குவதற்கும் ஆள் கிடையாது.

"நேரான எடத்தக் குடும்" என்றேன்.

"ஏட்டி, பாரு எங்கன்னு கெட்டின பெண்டாட்டிகிட்டயே சொல்லப்படாது. நீ என்னன்னா அவனவனுக்க போன்ல ஏத்தச் சொல்லுத."

"அவனவனும் இல்ல, எனக்க தம்பி."

"உனக்க தம்பி குடுத்த எடத்துல ஒரு நாளு போய்ப் பாத்தேன். ஒரு சாளைகூட இல்ல."

"அவன் பொய்யன். நீரும் பொய்யனா இருக்கணுமா? எனக்க அம்மைக்கு மெழுகுதிரி கொளுத்த ஒரு குழி இல்ல. எனக்கும் அப்படி வச்சிராதயும்."

அவர் முள்ளைக் கீழே வைத்தார். ஏதாவது நையாண்டி சொல்வார் என்று நினைத்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தார். கோபம் என்றால் அவர் பேசுவார். பேசாமல் இருந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நான் அவரிடம் படித்த பாடம் அது.

மறுநாள் வள்ளம் தள்ளும்போது நான் கரையில் ஏலத்துக்கு நின்றிருந்தேன். "லீமா, இஞ்ச வா" என்று கூப்பிட்டார். நாலு பேர் நடுவில் அவர் என்னைக் கூப்பிடுகிற ஆளே அல்ல. போனேன். பிளாஸ்டிக் உறை போட்ட போனைக் காட்டினார். நீலமாகக் கடல், அதில் ஒரு சிவப்புப் புள்ளி.

"இது எனக்க பாரு. நானும் வேளாங்கண்ணியுமா போன மாசம் கண்டது. வேற ஒரு மனுசனுக்குத் தெரியாது. இப்பம் உனக்குத் தெரியும். போருமா?"

வேளாங்கண்ணி அவரோடு எப்போதும் கடலுக்குப் போகிறவன். வள்ளத்தின் அந்தப் பக்கத்தில் நின்று, வேண்டாம் அண்ணா என்பதுபோலப் பார்த்தான். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் ஸ்டெனியைக் கூப்பிட்டு இரண்டு போனையும் முட்டவைத்தார். டிங் என்று ஒரு சத்தம் வந்தது.

ஸ்டெனிக்கு வாய் சும்மா இருக்காது. "அத்தான், இது பெரிய வெள்ளி முத்தியா, யூதாஸ் முத்தியா?" என்றான்.

"போய்ப் பாரு, தெரியும்" என்றார் அவர். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு வள்ளத்தில் கால் வைத்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்றைக்குச் சந்தையில் எவளோடும் நான் மல்லுக்கு நிற்கவில்லை.

ராத்திரி கடலிலேயே தங்கின வள்ளங்கள் திரும்புமுன் அடுத்த நாள் காற்று மாறியது. கார்த்திகைக் காற்று சொல்லிக்கொண்டா வரும்? மதியத்துக்குமேல் ஒவ்வொரு வள்ளமாகக் கரை பிடித்தது. ஸ்டெனியும் வந்துவிட்டான். ததேயுஸ் வரவில்லை. ஸ்டெனி போனைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், அத்தான் வேறு துறையில் கரையேறியிருப்பார் என்றான். குளச்சலில் கேட்டோம், முட்டத்தில் கேட்டோம், இராஜாக்கமங்கலம் துறைக்கும் ஆள் போனது. எங்கேயும் வரவில்லை.

விடிந்ததும் தேடப் போவதென்று முடிவாயிற்று. போகிற வள்ளத்துக்காரர்கள் எல்லாரும் கரையில் கூடினார்கள். ஸ்டெனி தன் போனிலிருந்து ஒவ்வொருவர் போனுக்கும் அந்தப் புள்ளியை முட்டவைத்துக் கொடுத்தான். மரியஜான் மாமா அதை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இங்க பாரே கெடையாது. வெறும் மணலு. எனக்க ஆயுசுல இந்த எடத்துல ஒருத்தன் தூண்டில் போட்டுப் பாத்ததில்ல."

"அத்தானுக்க கணக்கு எனக்குத் தெரியும் மாமா" என்றான் ஸ்டெனி. "இதுலேருந்து தென்மேற்க அரைமணி ஓட்டம். அங்க பழைய பாரு ஒண்ணு இருக்கில்லியா? அங்கதான் நின்னிருப்பாரு."

"அப்படிச் சொல்லு. அதாக்கும் நேரான எடம்" என்றார் மாமா.

நான் நடுவே புகுந்தேன். "ஸ்டெனி, அது பொய்யில்ல. எங்கிட்ட காட்டிட்டுத்தான் உனக்குத் தந்தாரு. அவரும் வேளாங்கண்ணியும் புதுசா கண்ட பாரு அது. நேரா அங்க போ."

என் தம்பி என்னை இரக்கத்தோடு பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அக்கா, உங்கிட்ட காட்டினதும் அந்தப் பொய்தான். பெண்டாட்டிக்குன்னு தனியா ஒரு பொய்யா வப்பாவ?"

சுற்றி நின்றவர்களில் ஓரிருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவரவர் வீட்டில் அவரவர் செய்கிற காரியம்தானே. அஜிஷாதான் எனக்காகப் பேசினாள். "அப்பா, ஒரே ஒரு வள்ளமாவது குடுத்த எடத்துக்குப் போவட்டு. பாத்துட்டு வரட்டு."

மரியஜான் மாமா கெட்டவர் அல்ல. மகளிடம் பொறுமையாகத்தான் சொன்னார். "காத்து அடங்கல மக்கா. எல்லா வள்ளமும் ஒண்ணா நின்னாத்தான் இந்தக் கடலுல நிக்க ஒக்கும். ஒண்ணத் தனியா வெறும் மணலுக்கு அனுப்பிட்டு, பெறவு அவனுவளையும் தேடப் போவணுமா? எஞ்சினுக்கு எண்ணெயும் ஒரு எடத்துக்குத்தான் காணும்."

கடலோரக் காவல்படை அதிகாரிகள் வந்தார்கள். எந்த இடம் என்று கேட்டார்கள். மரியஜான் மாமாவும் ஸ்டெனியும் திருத்திய இடத்தைச் சொன்னார்கள். "அந்த எடமில்ல சார்" என்று நான் கத்தினேன். அதிகாரி என்னைப் பார்த்தார், பிறகு ஆண்களைப் பார்த்தார். "அவ பயத்துல பேசுதா சார்" என்று யாரோ சொன்னார்கள். கடலில் போகிறவர்கள் சொல்வதைக் கேட்பதா, கரையில் மீன் விற்கிறவள் சொல்வதைக் கேட்பதா? அவர் இடத்தில் நான் இருந்தாலும் கடலில் போகிறவர்களைத்தான் கேட்டிருப்பேன். ஹெலிகாப்டர் அந்தத் திருத்திய இடத்துக்குமேல்தான் சுற்றிச் சுற்றி வந்தது.

தன்னைப்போலப் பிறரை நினை என்பார்கள். என் தம்பி அதைத்தான் செய்தான். எல்லா வள்ளங்களையும் கூட்டிக்கொண்டு, அத்தானும் தன்னைப்போலத்தான் என்று நம்பி, தென்மேற்கே போனான்.

வெறுங்கையோடு திரும்பினார்கள். மறுநாளும் போனார்கள். அங்கிருந்து நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று கணக்குப் போட்டு இன்னும் தெற்கே போனார்கள். தொடங்கின இடம் தப்பு என்றால் கணக்கு சரியாக இருந்து என்ன பிரயோசனம்? ஒவ்வொரு முறையும் ஸ்டெனி என் முன்னால் வந்து நிற்பான். "அந்த எடத்துக்குப் போனியா?" என்று கேட்பேன். "நாளைக்குப் போறேன் அக்கா" என்பான். கடைசியில் ஒரு நாள் போனான். கடல் அடங்கியிருந்தது. அங்கே தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. "பாத்தியா, நான் சொன்னேம்லா" என்று அவன் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அவன் முகத்தில் அது எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பிரசங்கத்தில் புலி வருது கதையைச் சொன்னார். பலமுறை பொய் சொன்னவன் ஒருமுறை மெய் சொன்னால் யார் நம்புவார் என்று கேட்டார். கோயிலே தலையை ஆட்டியது. எனக்கு எழுந்து நின்று கேட்க வேண்டும் போலிருந்தது. ஃபாதர், அந்தக் கதையில் புலி வருது என்று கத்தினவன் ஒருத்தன்தான். இங்கே ஊரில் அத்தனை பேரும் கத்தினார்கள், புலி வந்தது ஒருத்தனுக்கு மட்டும். இதற்கு உங்களிடம் என்ன கதை இருக்கிறது? நான் எழவில்லை. உட்கார்ந்திருந்த இடத்திலேயே இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் வேளாங்கண்ணி உயிரோடு இருக்கிற செய்தி வந்தது. கப்பல் போகிற பாதையில் மிதந்து கிடந்தவனைக் கொல்லம் பக்கத்து விசைப்படகுக்காரர்கள் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதலில் பேச்சே வரவில்லையாம். பேர் சொல்லவே நாளாகிவிட்டது. அந்தச் செய்தி வந்தபோது எனக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை வந்தது. ஒருத்தனைத் தூக்கினார்கள் என்றால் இன்னொருத்தரையும் தூக்கியிருப்பார்கள், பேர்தான் மாறிப்போயிருக்கும் என்று நினைத்தேன். அவருடைய சட்டையை எடுத்துத் துவைத்துப்போட்டேன்.

வேளாங்கண்ணியை ஊருக்குக் கொண்டுவந்தபோது அவன் முகத்தில் தோல் உரிந்துகிடந்தது. அவன் வீட்டில் இறங்கவில்லை. நேரே என் வீட்டுக்குத்தான் வந்தான். ஸ்டெனியும் அப்போது அங்கே இருந்தான். வேளாங்கண்ணியைத் தாங்கிக்கொண்டு வந்து உட்காரவைத்ததே என் தம்பிதான்.

"மொத காத்துலயே எஞ்சின் தண்ணி குடிச்சிட்டு மைனி" என்று வேளாங்கண்ணி தொடங்கினான். "பாருக்கு நேர் மேல நங்கூரம் போட்டுட்டுக் கெடந்தோம். எனக்குப் பயம். நங்கூரத்த எடுத்துருவோம் அண்ணா, நீரோட்டத்துல விட்டா கப்பல் போற பாதைக்குக் கொண்டுபோவும், எவனாவது பாப்பான்னு சொன்னேன். அண்ணன் சம்மதிக்கல."

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

அவன் ஸ்டெனியைப் பார்த்தான். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "சொல்லு" என்றேன்.

"'நேரான எடத்தக் குடுத்திருக்கேம்லே. லீமா பாத்துட்டு நின்னா. இப்பம் நாம நகந்துட்டா, தேடி வாரவன் வந்து வெறும் கடலப் பாப்பான். பெறவு நான் பொய்யனாயிருவேன்'னாரு."

ஸ்டெனி போய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான்.

"மறுநாளு வள்ளங்கள பாத்தோம் மைனி. தென்மேற்க, நல்ல தூரத்துல. பொட்டு பொட்டா. அண்ணன் எஞ்சின் பெட்டிமேல ஏறி நின்னுட்டு சட்டையக் கழத்தி வீசினாரு. 'எனக்க மச்சினன் வந்துட்டாம்லே, எடம் அவனுக்க போன்ல இருக்கு'ன்னு சிரிச்சாரு. அவங்க அங்கனயே சுத்திட்டு நின்னாவ. இப்பம் திரும்புவான், இப்பம் திரும்புவான்னு சொல்லிட்டே நின்னாரு. திரும்பல. போயிட்டாவ. அதுக்குப் பெறவு அவரு இறங்கி வந்து இருந்தாரு. நங்கூரத்த எடுப்போமான்னு நான் பெறவும் கேட்டேன். வேண்டாம்னு தலைய மட்டும் ஆட்டினாரு."

அதற்கடுத்த நாள் நங்கூரக் கயிறு அறுந்தது. வள்ளம் கவிழ்ந்தது. இருவரும் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். வேளாங்கண்ணி கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டு விழித்தபோது பக்கத்தில் யாரும் இல்லை.

இதைச் சொல்லி முடித்துவிட்டு அவன் என் காலைத் தொட்டு அழுதான். நான் அவன் தலையில் கை வைத்தேன். அவன்மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. என் கோபம் முழுவதும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவன்மேல் இருந்தது. அவன் முதுகைத் தட்டித் தூங்கவைத்தவள் நான். அவன் முதல் தடவை கடலுக்குப் போனபோது கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம் போட்டுவிட்டவள் நான். அந்த நேரத்தில் அவனைக் கொன்றுவிட வேண்டும் போலிருந்தது. வெளியே போ என்று மட்டும் சொன்னேன். போனான்.

உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் ஊரில் பெட்டி இல்லாமலே பூசை வைப்பார்கள். அவருக்கும் வைத்தார்கள். நான் மறுபடியும் மீன் சருவத்தைத் தலையில் தூக்கினேன். துக்கம் என்று வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு தானாக எரியாது. கரைக்குப் போய் ஏலத்தில் நின்றபோதுதான் கவனித்தேன். ஒரு சீசனிலும் காணாத அளவுக்குக் கலவா வந்து குவிந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை பருமன். நேற்றுவரை சாளைக்கு அலைந்த வள்ளங்களில் எல்லாம் கலவா. எங்கே பிடித்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் கரையில் கலவாவைக் கண்டு அந்தக் கேள்வியைக் கேட்காதவன் இல்லை. என்னைக் கண்டதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. மரமண்டை என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

நாற்பத்தொன்றாம் நாளுக்கு ஒரு பூவளையம் வாங்கினேன். ஸ்டெனி வீட்டு வாசலில் போய் நின்றேன். அன்றைக்கு வெளியே போகச் சொன்ன பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

"என்ன அங்க கூட்டிட்டுப் போ" என்றேன்.

"பொம்பளைய வள்ளத்துல ஏத்தினா ஊருல பேசுவாவ அக்கா."

"ஊரு பேசினதக் கேட்டுத்தான எனக்க மாப்பிளைய விட்டுட்டு வந்த. இப்பம் நான் சொல்லுதத ஒரு தடவ கேளு."

"இன்னைக்கி வேண்டாம் அக்கா. ஞாயித்துக்கெழமை போவோம். ஞாயித்துக்கெழமை அங்க யாரும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

"இன்னைக்கிதான் நாப்பத்தொண்ணு."

அதற்குமேல் அவனால் மறுக்க முடியவில்லை. வள்ளம் அலைக்குமேல் ஏறி இறங்கினதும் நான் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கரை மறையும்வரை வாந்தியெடுத்தேன். மலையும் கோயில் கோபுரமும் மறைந்த பிறகு சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தது. இதற்குள் ஒரு இடம் என்று எப்படி இவர்கள் கண்டுபிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டெனி போனை முன்னால் வைத்து அதைப் பார்த்தே ஓட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலில் ஒரு கறுப்புப் பொட்டு தெரிந்தது. பிறகு நாலைந்து. கிட்டே போகப் போக வள்ளங்களாயின. மரியஜான் மாமாவின் வள்ளம் நின்றது. அன்றைக்குத் தேடப் போன அத்தனை வள்ளமும் நின்றது. அவர்களிடமிருந்து முட்டவைத்து வாங்கின மற்றவர்களும் நின்றார்கள். எல்லாரும் தூண்டில் போட்டிருந்தார்கள். வள்ளத்தின் அடித்தட்டுகளில் கலவா வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தது.

"வேளாங்கண்ணி சொன்னது ஊருக்குத் தெரிஞ்சிட்டு அக்கா" என்றான் ஸ்டெனி. "அத்தான் சாகும்வரைக்கும் நங்கூரத்த எடுக்காத எடம்னா பாரு நேரானதுதான்னு எல்லாருக்கும் வெளங்கிட்டு. எடம் எல்லாருக்க போன்லயும் கெடந்துது. ததேயுஸ் பாருன்னு பேரு வச்சிட்டாவ."

"நீயும் வந்தியா?"

என் காலடியில் சுருட்டி வைத்திருந்த தூண்டில் கயிற்றைப் பார்த்தேன். ஈரம் காயாமல் இருந்தது.

என்னைக் கண்டதும் மரியஜான் மாமா எழுந்து நின்று தலைத்துணியை அவிழ்த்தார். "லீமா வாரா, வழி விடுங்கலே" என்றார். மற்றவர்களும் எழுந்தார்கள். வள்ளங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி நடுவில் எனக்கு இடம் விட்டார்கள். எவனுடைய தூண்டிலோ இழுத்தது. அவன் கயிற்றைப் பிடித்தபடி, இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றான்.

நடுவில் வந்ததும் ஸ்டெனியின் போன் டிங் என்றது. சேருமிடம் வந்துவிட்டால் அப்படிச் சத்தம் வரும்படி அஜிஷா செய்திருந்தாள். நான் பூவளையத்தை இறக்கிவிட்டேன். அது அசையாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. எனக்கு ஜெபம் எதுவும் வரவில்லை. சுற்றி நின்ற வள்ளங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் அவர் கொடுத்த இடத்துக்கு நேர் மேலே நின்றன. ஒரு வள்ளம்கூடத் தென்மேற்கே தள்ளி நிற்கவில்லை.